பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு: பயனர் கோரிக்கைகளை ஒரு திறந்த மூலத் திட்டம் கையாளும் விதம்

பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு என்பது பைத்தான் நிரல்மொழியில் ஒரு புதிய வசதியைச் சேர்க்கவோ, இருப்பதை மாற்றவோ, நீக்கவோ விரும்புவோர் எழுதி முன்வைக்கும் ஆவணமாகும். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதைச் சுருக்கமாகப் 'பெப்' என்பர். 2000-ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஓர் எண் உண்டு. ஏற்கப்பட்டவை மட்டுமன்றி, மறுக்கப்பட்டவையும் கைவிடப்பட்டவையும் காரணங்களுடன் பொதுவில் பாதுகாக்கப்படுகின்றன.

பைத்தான் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம். தமிழ்நாட்டின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலிலும் இம்மொழி இடம்பெற்றுள்ளது. பைத்தானைக் கற்கும் மாணவர்களுக்கு, 'இந்த வசதி ஏன் இல்லை? யாரிடம் கேட்பது? கேட்டால் தருவார்களா?' என்ற கேள்விகள் எழுவது இயல்பு. அவற்றுக்கான விடையை இம்முன்மொழிவுகளின் வரலாற்றில் காணலாம்.

வழுவும் வசதிக் கோரிக்கையும்

ஒரு மென்பொருள் திட்டத்துக்குப் பயனர்களிடமிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, வழு பற்றிய முறையீடு. மென்பொருள் எப்படி இயங்கும் என்று அதன் ஆவணத்தில் சொல்லப்பட்டுள்ளதோ அப்படி அது இயங்காதபோது அது வழு. மற்றொன்று, வசதிக் கோரிக்கை. மென்பொருள் சொன்னபடியே இயங்குகிறது, ஆனால் பயனருக்கு அதற்கு மேலும் ஒன்று தேவைப்படுகிறது.

வழுவைத் திருத்த வேண்டுமா என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. வசதிக் கோரிக்கை அப்படியன்று. ஒருவருக்கு மிகவும் தேவையானது மற்றொருவருக்குத் தொல்லையாக இருக்கலாம். எனவே பைத்தான் திட்டத்தில் இவ்விரண்டும் தனித்தனியே அடையாளமிடப்படுகின்றன. வழுத் திருத்தங்கள் ஏற்கெனவே வெளிவந்து ஆதரவில் உள்ள பதிப்புகளுக்கும் வழங்கப்படும். புதிய வசதிகளோ அடுத்து வரவுள்ள பதிப்பில் மட்டுமே சேர்க்கப்படும்.

ஒரு கோரிக்கையின் உண்மையான செலவு

வசதி கேட்பவருக்கு அதைக் கேட்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். அதற்கான நிரலை எழுதச் சில நாள்களோ மாதங்களோ ஆகலாம். செலவு அத்துடன் முடிவதில்லை. எழுதிய நிரலைச் சோதிக்க வேண்டும், ஆவணம் எழுத வேண்டும், பிற்காலத்தில் அதில் வழு தோன்றினால் திருத்த வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போன பின்பும் இப்பணி தொடரும். பைத்தானின் மையக் குழுவினரில் பெரும் பகுதியினர் இப்பணியைத் தம் சொந்த நேரத்தில் செய்யும் தன்னார்வலர்கள்.

நிரல்மொழிக்கு இச்செலவு இன்னும் கூடுதல். புதிய தொடரியல் ஒன்று சேர்ந்தால் நிரல் தொகுப்பான்கள், பைபை, மைக்ரோபைத்தான் போன்ற மாற்றுச் செயலாக்கங்கள், பாடநூல்கள், பயிற்சி வகுப்புகள் என எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். பயன்படுத்த விரும்பாதவரும் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதற்காக அதைக் கற்றாக வேண்டும்.

பழைய நிரல்கள் உடைவதும் உண்டு. 'அசிங்க்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 2015-இல் வந்த பைத்தான் 3.5 இச்சொல்லைப் புதிய தொடரியலில் பயன்படுத்தத் தொடங்கியது. 2018-இல் வந்த பைத்தான் 3.7-இல் அது முழுமையான சிறப்புச்சொல் ஆயிற்று. சிறப்புச்சொல்லை மாறியின் பெயராகவோ செயற்கூற்றின் பெயராகவோ வைக்க முடியாது. அதுவரை அப்பெயரைப் பயன்படுத்திவந்த நூலகங்கள் சில புதிய பதிப்பில் இயங்கவில்லை. அவற்றை எழுதியவர்கள் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று.

சேர்த்ததை நீக்குவது எளிதன்று. பைத்தானுடன் வரும் செந்தர நூலகத்தில், ஒரு காலத்தில் பயனுள்ளவை என்று சேர்க்கப்பட்டுக் காலப்போக்கில் பயனிழந்த தொகுதிகளை நீக்குவதற்காக 2019-இல் பெப் 594 எழுதப்பட்டது. 2022-இல் வந்த பைத்தான் 3.11-இல் அவை கைவிடப்படவுள்ளன என்று எச்சரிக்கை தரப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல்தான் 19 தொகுதிகள் நீக்கப்பட்டன. முன்மொழிவிலிருந்து நீக்கம் வரை 5 ஆண்டுகள் ஆயின.

மொழியையே பெருமளவு மாற்றியபோது ஆன காலம் இன்னும் அதிகம். பைத்தான் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய 2.7 பதிப்புக்கான ஆதரவு முடிவுற்றது 2020 சனவரி 1 அன்று. இடைப்பட்ட 11 ஆண்டுகளும் இரண்டு பைத்தான்கள் அருகருகே வாழ்ந்தன. இந்த அனுபவத்துக்குப் பின் எந்தக் கோரிக்கையையும் 'சேர்த்துத்தான் பார்ப்போமே' என்று எளிதாக எடுத்துக்கொள்ளும் நிலை இல்லை.

முறையின் தோற்றம்

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணினி அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1989 டிசம்பரில் இப்பணியைத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பொது வெளியீடு வந்தது. தொடக்கக் காலத்தில் பயனர்கள் குறைவு. மின்னஞ்சலில் ஒருவர் கேட்பார், கைடோ பதில் சொல்வார். அவருக்கு 'வாழ்நாள் நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்ற வேடிக்கையான பட்டமும் அமைந்தது. இறுதி முடிவு அவருடையதே என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

பயனர்கள் பெருகியபோது இம்முறை போதவில்லை. ஒரே கோரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது. முன்பு என்ன பேசப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பது பழைய மின்னஞ்சல்களுக்குள் புதைந்துகிடந்தது. இந்நிலையில்தான் 2000-ஆம் ஆண்டில் பெப் 1 எழுதப்பட்டது. முன்மொழிவை எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் முன்மொழிவு அது. இம்முறையை வகுப்பதில் பேரி வார்சா முக்கியப் பங்காற்றினார்.

முன்மொழிவு எண்களைக் கால வரிசை என்று கருதக் கூடாது. பைத்தான் 3 தொடர்பானவற்றுக்கு 3000 வரிசையும், ஆட்சிமுறை தொடர்பானவற்றுக்கு 8000 வரிசையும் ஒதுக்கப்பட்டன. அதனால்தான் 2006-இல் எழுதப்பட்ட ஒன்று பெப் 3103 என்றும், 2018-இல் எழுதப்பட்ட ஒன்று பெப் 572 என்றும் எண் பெற்றுள்ளன.

ஒரு கோரிக்கை கடக்கும் படிகள்

எல்லாக் கோரிக்கைக்கும் முன்மொழிவு தேவையில்லை. ஒரு செயற்கூற்றில் சிறிய வசதி ஒன்றைக் கூட்டுவது போன்றவை வழுக்கள் பதிவாகும் இடத்திலேயே பேசி முடிக்கப்படும். 2022 ஏப்ரலில் இருந்து இப்பதிவுகள் கிட்ஹப் தளத்தில் உள்ளன. மொழியின் தொடரியலைத் தொடும் மாற்றங்களும், பலரைப் பாதிக்கும் பெரிய மாற்றங்களும் முன்மொழிவாக எழுதப்பட வேண்டும்.

முதற்படி, எண்ணத்தைப் பொதுவில் முன்வைத்துக் கருத்தறிதல். பல கோரிக்கைகள் இங்கேயே முடிந்துவிடும். கேட்ட வசதி வேறு வடிவில் ஏற்கெனவே இருக்கலாம், அல்லது முன்பே மறுக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டாம் படி, ஆதரவாளர் ஒருவரைப் பெறுதல். முன்மொழிபவர் மையக் குழுவில் இல்லையெனில், பெரும்பாலும் அக்குழுவைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு வழிகாட்ட முன்வர வேண்டும். அவர் அந்த வசதியை ஆதரித்து வாக்களிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். முன்மொழிவு ஒழுங்காக எழுதப்படுவதற்குத் துணை நிற்பவர்.

மூன்றாம் படி, எழுதுதல். முன்மொழிவில் இடம்பெற வேண்டிய பகுதிகளைப் பெப் 1 வகுத்துள்ளது. தேவை என்ன, ஏன் இந்த வடிவம், துல்லியமான வரையறை என்ன, பழைய நிரல்களுக்கு என்ன பாதிப்பு, பாதுகாப்புச் சிக்கல் உண்டா, இதைக் கற்பிப்பது எப்படி, மாதிரிச் செயலாக்கம் எங்கே, விவாதத்தில் ஒதுக்கப்பட்ட மாற்று எண்ணங்கள் யாவை என்பன அவை. 'கற்பிப்பது எப்படி' என்ற பகுதி கவனிக்கத்தக்கது. வசதியைக் கேட்பவர், அதைப் புதிதாகக் கற்போருக்கு எப்படி விளக்குவது என்பதையும் சிந்திக்க வேண்டியவராகிறார்.

நான்காம் படி, விவாதமும் திருத்தமும். வரைவு பலமுறை மாறும். இறுதியில் அது ஏற்கப்படலாம், மறுக்கப்படலாம், ஒத்திவைக்கப்படலாம், எழுதியவராலேயே திரும்பப் பெறப்படலாம். ஏற்கப்பட்டுச் செயலாக்கமும் முடிந்தால் 'இறுதி' என்ற நிலையை அடையும்.

வாக்கெடுப்பில் தோற்றுப் பின் வென்ற கோரிக்கை

ஒரே வரியில் நிபந்தனையைச் சோதித்து இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி சி மொழியில் உண்டு. பைத்தானில் அது வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 2003-இல் அது பெப் 308 என எழுதப்பட்டது. பல வடிவங்கள் முன்வைக்கப்பட்டன. பயனர்களிடையே வாக்கெடுப்பும் நடந்தது. ஏதாவது ஒரு வடிவில் இவ்வசதி தேவை என்ற ஆர்வம் இருந்தபோதும், எந்த ஒரு வடிவத்துக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எனவே முன்மொழிவு மறுக்கப்பட்டது. ஐயம் இருக்குமிடத்தில் இருப்பதை இருப்பது போலவே விடுவது பைத்தானின் வடிவமைப்புக் கொள்கைகளுள் ஒன்று.

ஆனால் தேவை மறையவில்லை. இவ்வசதி இல்லாததால் நிரலாளர்கள் 'ஆண்ட்', 'ஆர்' என்னும் சொற்களைச் சேர்த்து ஒரு குறுக்கு வழியைக் கையாண்டனர். அதில் ஒரு பொறி இருந்தது. தேர்வுக்கு வந்திருந்தால் மதிப்பெண்ணையும், வராவிட்டால் -1 என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வழியில் 'வருகை ஆண்ட் மதிப்பெண் ஆர் -1' என்று எழுதுவர். 40 மதிப்பெண் பெற்ற மாணவருக்கு 40 என்றே பதிவாகும். ஆனால் தேர்வுக்கு வந்து 0 பெற்ற மாணவருக்கு -1 என்று பதிவாகிவிடும். பைத்தான் 0 என்பதைப் பொய் எனக் கொள்வதே காரணம். தேர்வெழுதிய மாணவர் வராதவர் ஆகிவிடுகிறார்.

இத்தகைய பிழைகள் பரவலாக இருந்ததே முடிவை மாற்றியது. 2005 செப்டம்பரில் கைடோ ஒரு வடிவத்தைத் தாமே தேர்ந்தெடுத்து அறிவித்தார். 2006-இல் வந்த பைத்தான் 2.5-இல் அது இடம்பெற்றது. வாக்கெண்ணிக்கை தீர்க்காத ஒன்றை, நடைமுறையில் கண்ட பிழைகள் தீர்த்துவைத்தன.

20 ஆண்டுகள் காத்திருந்த கோரிக்கை

பிற மொழிகளில் உள்ள 'சுவிட்ச்' கூற்று பைத்தானில் ஏன் இல்லை என்பது சி அல்லது சி++ படித்துவிட்டு வரும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஒரு மாறியின் மதிப்பைப் பல மதிப்புகளுடன் ஒப்பிட்டு, பொருந்துவதற்கேற்பச் செயல்பட உதவுவது அக்கூற்று. 2001-இல் எழுதப்பட்ட பெப் 275 இதைக் கேட்டது. அது மறுக்கப்பட்டது. 2006-இல் கைடோவே பெப் 3103-ஐ எழுதினார். 2007-ஆம் ஆண்டுப் பைத்தான் மாநாட்டில் உரையாற்றியபோது, இவ்வசதியை விரும்புவோர் யார் என்று அரங்கில் கேட்டார். போதிய ஆதரவு இல்லை. மொழியை உருவாக்கியவர் தம் முன்மொழிவைத் தாமே மறுத்தார். கேட்பவர் யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான் என்பதற்கு இது சான்று.

2020-இல் கோரிக்கை வேறு உருவில் திரும்பியது. இம்முறை வெறும் மதிப்பை ஒப்பிடுவது மட்டும் கேட்கப்படவில்லை. தரவு எந்த அமைப்பில் உள்ளது என்பதையும் பார்த்து, அதன் உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் வசதி கேட்கப்பட்டது. பெப் 622 என வந்த முதல் முன்மொழிவு மிக நீளமாக இருந்ததால், அது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. பெப் 634 வரையறையையும், பெப் 635 காரணங்களையும் கூறின. பெப் 636 முழுக்க முழுக்கக் கற்போருக்கான பாடமாகவே எழுதப்பட்டது. 2021 பிப்ரவரியில் இவை ஏற்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் பைத்தான் 3.10-இல் 'மேட்ச்', 'கேஸ்' என்ற சொற்களுடன் இவ்வசதி வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது ஒன்றுண்டு. நிரலைப் படித்துப் பகுக்கும் பகுதி பைத்தான் 3.9-இல் புதிதாக மாற்றப்பட்டது. அதன் பயனாக, 'மேட்ச்' என்பதைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சிறப்புச்சொல்லாகவும், மற்ற இடங்களில் சாதாரணப் பெயராகவும் கொள்வது எளிதாயிற்று. இது இன்றியமையாதது. செந்தர நூலகத்திலேயே அப்பெயரில் ஒரு செயற்கூறு நெடுங்காலமாக உண்டு. முழுச் சிறப்புச்சொல்லாக ஆக்கியிருந்தால் 'அசிங்க்' சொல்லால் நேர்ந்ததைவிடப் பெரிய சேதம் நேர்ந்திருக்கும். பொறுத்திருந்ததால் பழைய நிரல்கள் பிழைத்தன.

மறுக்கப்பட்டவையும் அவற்றின் பயனும்

ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு இருக்கும்போது, உள்ளிருந்தபடியே வெளி மடக்கை முடிக்கும் வசதியை 2007-இல் பெப் 3136 கேட்டது. ஜாவா மொழியில் இது உண்டு. கைடோ மறுத்தார். அந்த வசதி உண்மையிலேயே தேவைப்படும் அளவுக்குச் சிக்கலான நிரல் மிக அரிது, பெரும்பாலும் உள் மடக்கைத் தனிச் செயற்கூறாக மாற்றி எழுதினாலே போதும், சேர்த்தால் தேவையற்ற இடங்களில் அதிகம் பயன்படுத்தப்படும் என்பன அவர் கூறிய காரணங்களின் சாரம்.

தொகுதிகளைக் குறிக்க வரித்தொடக்க இடைவெளிக்குப் பதிலாக நெளிவு அடைப்புக்குறி வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பைத்தானுக்குள்ளேயே ஒரு வேடிக்கையான பதில் உள்ளது. வருங்கால வசதிகளை இறக்குமதி செய்யும் கட்டளையில் அடைப்புக்குறியைக் கேட்டால், 'வாய்ப்பே இல்லை' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும்.

2006-இல் எழுதப்பட்ட பெப் 3099, பைத்தான் 3-இல் எவையெல்லாம் மாறாது என்பதைப் பட்டியலிட்டது. கேட்டுக்கேட்டு அலுத்துப்போன கோரிக்கைகளுக்கு ஒரே இடத்தில் விடை சொல்வதே அதன் நோக்கம். நிரலைப் பகுக்கும் பகுதி ஒரு குறிப்பிட்ட எளிமையின் எல்லையைத் தாண்டாது என்பதும் அப்பட்டியலில் இருந்தது. 2020-இல் பைத்தான் 3.9 மாற்றியது அதே எல்லையைத்தான். மாற்றத்தைக் கொண்டுவந்த பெப் 617, பழைய எல்லையால் விளைந்த இடர்களை விளக்கியது. பழைய காரணம் எழுத்தில் இருந்ததால், அது இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க முடிந்தது. எழுதாமல் விடப்பட்ட மறுப்பு வெறும் பிடிவாதமாகவே எஞ்சும். எழுதப்பட்ட மறுப்பைப் பின்னால் வருபவர் எடைபோட்டுத் திருத்தலாம்.

தமிழில் மாறிப் பெயர்கள்

தமிழருக்கு நேரடியாகப் பயன் தந்த முன்மொழிவு பெப் 3131. 2007-இல் எழுதப்பட்ட இது, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ஆங்கில எழுத்தல்லாத பிற எழுத்துகளிலும் பெயரிட இடம் கேட்டது. ஆங்கிலம் நன்கு அறியாதவர்கள் தங்கள் மொழியில் பெயரிட்டால் நிரல் அவர்களுக்குத் தெளிவாக இருக்கும் என்பது அதன் அடிப்படை.

எதிர்ப்பும் இருந்தது. அறியாத எழுத்தில் உள்ள நிரலைப் பிறர் படிக்கவோ தட்டச்சிடவோ முடியாது, உருவில் ஒத்த வெவ்வேறு எழுத்துகளால் குழப்பம் வரும் என்று கூறப்பட்டது. விவாதத்துக்குப் பின் முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2008-இல் பைத்தான் 3.0-இல் வந்தது. எதிர்த்தவர்களின் கவலையும் ஒதுக்கப்படவில்லை. செந்தர நூலகத்தில் உள்ள பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதி உடன் சேர்க்கப்பட்டது.

இதனால் இன்று பைத்தானில் 'மதிப்பெண் = 90' என்று தமிழ் எழுத்திலேயே எழுதலாம், அது இயங்கும். ஒருங்குறியில் 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினாலும் கணினிக்கு அவை வேறு. பைத்தான் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிடுகிறது. எனவே இருவர் இருவகையாகத் தட்டச்சிட்டாலும் அது ஒரே மாறியாகவே கொள்ளப்படும். இந்த விதியையும் அம்முன்மொழிவே வகுத்தது. சிறப்புச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே தொடர்கின்றன.

முடிவெடுப்பவரின் சுமை

2018-இல் பெப் 572 எழுதப்பட்டது. ஒரு கோவையின் நடுவிலேயே மாறிக்கு மதிப்பு இருத்த := என்ற குறியை அது கேட்டது. கணக்கிட்ட மதிப்பை அதே வரியில் சோதிக்கவும் பின்னர் பயன்படுத்தவும் இது உதவும். எதிர்த்தவர்கள், மதிப்பிருத்த ஏற்கெனவே ஒரு குறி இருக்கும்போது இரண்டாவது எதற்கு, நிரல் படிக்கக் கடினமாகும், புதிதாகக் கற்போர் குழம்புவர் என்றனர். மாதக்கணக்கில் நடந்த விவாதம் கடுமையாகவும் கசப்பாகவும் மாறியது.

கைடோ முன்மொழிவை ஏற்றார். 2018 சூலை 12 அன்று, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தாம் விலகுவதாக எழுதினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடிய பின்பும் பலர் தம் முடிவை வெறுப்பதைக் காண நேர்ந்தது, இனி அப்படிப் போராட விரும்பவில்லை என்பது அவர் கூறியதன் கருத்து. தமக்குப் பின் யார் என்பதையும் அவர் நியமிக்கவில்லை.

கோரிக்கைகளைக் கையாளும் முறையில் பலரும் கவனிக்கத் தவறும் பக்கம் இது. கேட்பவர்கள் பல்லாயிரம் பேர். ஒவ்வொருவரும் கேட்பது ஒருமுறைதான். விடை சொல்பவருக்கோ அது அன்றாட வேலை. ஏற்றாலும் ஒரு தரப்பின் கோபம், மறுத்தாலும் மறுதரப்பின் கோபம் அவரையே சேர்கிறது. எவ்வளவு நல்ல விதிமுறை இருந்தாலும், முடிவு ஒரே ஒருவரின் தோளில் இருக்கும் வரை அச்சுமை குறைவதில்லை.

அடுத்த சில மாதங்கள் பைத்தானுக்குத் தலைமை இல்லை. புதிய ஆட்சிமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் மையக் குழுவினர் முன்மொழிவுகளாகவே எழுதினர். ஏழு முன்மொழிவுகள் வந்தன. 2018 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெப் 8016 தேர்வாயிற்று. அதன்படி ஐவர் கொண்ட வழிகாட்டு மன்றத்தை மையக் குழுவினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒரே நிறுவனத்தில் பணியாற்றுவோர் இருவருக்கு மேல் மன்றத்தில் இருக்கக் கூடாது. ஒரு முன்மொழிவின் துறையை நன்கறிந்த ஒருவரிடம் முடிவெடுக்கும் பொறுப்பை மன்றம் ஒப்படைக்கவும் செய்யலாம். 2019-இன் தொடக்கத்தில் அமைந்த முதல் மன்றத்தில் கைடோவும் ஓர் உறுப்பினராக இருந்தார். சர்ச்சைக்குள்ளான := குறி 2019 அக்டோபரில் பைத்தான் 3.8-இல் வந்தது.

குறைகள்

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. முன்மொழிவை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனவே நல்ல எண்ணம் இருந்தும் ஆங்கிலத்தில் வாதாட இயலாதவர் பின்தங்குகிறார். நீண்ட விவாதத்தில் பங்கேற்க நேரமும் மன உறுதியும் தேவை. அவை இரண்டும் உள்ளவரின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. முன்மொழிவு எழுதிப் பல மாதம் உழைத்த பின் மறுப்பு வந்தால், அவர் மீண்டும் பங்களிக்க வராமலும் போகலாம்.

கோரிக்கை எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

பைத்தானின் அனுபவம் பிற திறந்த மூலத் திட்டங்களுக்குக் கோரிக்கை எழுதும் மாணவர்களுக்கும் பயன்படும்.

1. தீர்வை முதலில் சொல்லாமல் தேவையை முதலில் சொல்ல வேண்டும். 'இந்தக் குறியைச் சேருங்கள்' என்பதைவிட, 'இந்த வேலையைச் செய்யும்போது இந்த இடத்தில் இடர்ப்படுகிறேன்' என்பது பயனுள்ளது. அதே தேவைக்கு வேறு நல்ல தீர்வு இருக்கலாம்.

2. முன்பு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த காரணம் இன்றும் பொருந்துகிறதா என்பதை எழுத வேண்டும். அதை விட்டுவிட்டுப் பழைய கோரிக்கையையே திரும்ப எழுதுவது வீண்.

3. உண்மையான நிரல்களிலிருந்து எடுத்துக்காட்டு தர வேண்டும். பெப் 308-க்கு வழிதிறந்தவை நடைமுறையில் நேர்ந்த பிழைகளே.

4. முடிந்தால் தனி நூலகமாக எழுதிப் பார்க்கலாம். பைத்தான் 3.7-இல் வந்த தரவு வகுப்பு வசதிக்கு, 'அட்டர்ஸ்' என்ற தனி நூலகம் முன்னோடியாக இருந்தது. பைத்தான் 3.11-இல் சேர்ந்த 'டாம்ல்' கோப்புகளைப் படிக்கும் தொகுதி, 'டாம்லி' என்ற தனி நூலகத்தை அடிப்படையாகக் கொண்டது. பலர் பயன்படுத்திப் பார்த்த ஒன்றை ஏற்பது எளிது.

5. யாருக்கு இடையூறு வரும் என்பதையும் தாமே எழுத வேண்டும். மறுதரப்பின் கவலையை மறைக்காமல் சொல்பவரின் கோரிக்கை மதிப்புப் பெறும்.

6. மறுப்பு வந்தால் அது கோரிக்கைக்கான மறுப்பே அன்றி, கேட்டவருக்கான மறுப்பு அன்று. திறந்த மூலம் என்பதால், தேவைப்படுவோர் மூல நிரலை எடுத்துத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் தடையில்லை.

விடை சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பைத்தான் ஒரு நடைமுறையைக் காட்டுகிறது. கோரிக்கையைப் படித்ததற்கான அடையாளம் விடையில் இருக்க வேண்டும், மறுப்பதாயின் காரணத்தை எவரும் பிற்காலத்தில் தேடி எடுக்கும் இடத்தில் எழுத வேண்டும். பெப் 308-இன் முதல் பக்கத்தைத் திறப்பவர் இன்றும் அதன் தோல்வி, வாக்கெடுப்பு, பின்னர் வந்த ஏற்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் படிக்கலாம்.